குடிக்காமல் கொடுத்த கிண்ணம்

அக்கா,

நேற்று ஜெலாப்பாங் சிக்னலில் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆனால் கட்டிப்பால் நாற்றத்தைத் தார்ப்பாயா மறைக்கும்? பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த சின்னப் பெண், "என்னாக்கா இப்படி நாறுது, எலி செத்துக் கெடக்கா?" என்றாள். ஜன்னலைச் சாத்தப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். அவள் பிறந்து வளர்ந்தது ஈப்போ டவுனில். கித்தா மரத்து ரப்பர் பால் காய்ந்து கெட்டியாகி நாறுகிற அந்த வாடை நமக்கு ஞாயிற்றுக்கிழமை வாடை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே கடிதம் போட்டால் பதில் போடாத ஆள் நீங்கள். இப்போது போடவா போகிறீர்கள்? இருந்தாலும் எழுதுகிறேன். இந்த நான்கு மாதமாக ஒரு காரியம் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து வர வேண்டும்.

நம் ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தம் ஐந்து. கோயில் கட்டுகிற அளவுக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு உங்களுடையது என்பதால் அதன் அஞ்சடித் திண்ணை மற்ற வீடுகளைவிட அகலம். அங்கேதான் நம் ஆராதனை. ஞாயிற்றுக்கிழமையும் மரம் வெட்டு, பட்டை சீவிப் பால் எடுக்கிற வேலை, உண்டு. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணிவாக்கில் நேரே உங்கள் வீட்டுக்கு வருவோம். குளித்துவிட்டு வருகிறவர்கள் வருவார்கள், முடியாதவர்கள் அப்படியே வருவார்கள். ஜெபம் நீளும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு முழங்கையில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டிருப்போம். ஆராதனை முடிந்து நீங்கள் பாயைத் தட்டினால் ரப்பர் சுருள்தான் கொட்டும்.

ஈப்போவிலிருந்து பாஸ்டர் ஐயா மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். அன்றைக்குத் திருவிருந்து. ரொட்டி விற்கிற பாயிடம் வாங்கிய ரொட்டி ஒன்று, உலர்ந்த திராட்சையை நீங்கள் வேகவைத்துப் பிழிந்த சாறு, எல்லோருக்கும் ஒரே எவர்சில்வர் கிண்ணம். ஐயா வராத வாரங்களில் நீங்கள்தான் நடத்துவீர்கள். பிரசங்கம் எல்லாம் கிடையாது. ஒரு அதிகாரம் வாசிப்பீர்கள், பிறகு "வெளங்குச்சா?" என்று கேட்பீர்கள். விளங்காவிட்டாலும் தலையாட்டுவோம். பாட்டு மட்டும் அடுத்த லயம் வரை கேட்கும்.

கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. வேறு எந்தச் சபையிலும் நான் அதைப் பார்த்ததில்லை, அது உங்கள் ஏற்பாடு. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "நமக்குள்ள ஏதும் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குடிக்கலாம். இருந்தால் அங்கேயே சொல்லித் தீர்க்க வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொண்டு குடிக்கக் கூடாது. குழாயடியில் வாளியைத் தள்ளிவிட்டது, ஒருத்தி கோழி இன்னொருத்தி கீரைப் பாத்தியைக் கிளறியது, எல்லாம் அங்கே வரும். கையில் கிண்ணத்தோடு பாஸ்டர் ஐயா காத்துக்கொண்டிருப்பார். முதல் மாதம் அவர் நின்றார். அடுத்த மாதத்திலிருந்து முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் தஞ்சோங் மாலிமிலிருந்து கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தவள். மரம் சீவுகிற உளியைப் பிடிக்கத் தெரியாது, அட்டையைக் கண்டால் அலறுவேன், 'டவுன்காரி' என்று பேர் வைத்தார்கள். முதல் மூன்று மாதம் கக்கூசுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். நீங்கள் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "ஒனக்குப் பாடத் தெரியுமாமே. அழுவுற நேரத்துல வந்து பாடேன்லா" என்றீர்கள். வந்தேன். உங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். அதற்குப் பிறகு தோட்டத்தை விற்கிற வரைக்கும் அந்த இடம் மாறவில்லை. இன்றைக்கு நான் ஆண்டவரை நம்புகிறேன் என்றால் பிறந்தபோது தெளித்த தண்ணீரால் இல்லை, அந்தப் பாயில் உட்கார்ந்ததால்தான். இதை உங்களிடம் நேரில் ஒருமுறையும் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மழைக்காலத்தில், உங்கள் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. தாப்பா ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். ஐந்து வயசுப் பிள்ளை. நீங்கள் ஊட்டினால்தான் ஒரு வாய் கஞ்சி குடிப்பாள், வேறு யார் போனாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். உங்கள் வீட்டுக்காரர் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலை உங்கள் பேரில், வீடும் அந்த வேலையை நம்பித்தான். ஏற்கெனவே வேலைக்கு வராததற்கு இரண்டு சூராட், எச்சரிக்கைக் கடிதம், கொடுத்திருந்தார்கள். மூன்றாவது சூராட் வந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

"நீங்க பெரட்டுல பேர் குடுத்துட்டு பஸ் ஏறுங்கக்கா. ஒங்க நெரைய நான் சீவிக்கிறேன்" என்று சொன்னது நான்தான். யோசனையும் என்னுடையது, வீறாப்பும் என்னுடையது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும்போது இருப்பீர்கள். பிறகு காட்டுப் பாதையாக நடந்து மெயின் ரோட்டில் முதல் பஸ் பிடிப்பீர்கள். பால் நிறுக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, நான் வைத்திருக்கும் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பீர்கள். நான்கு நாள் இப்படி ஓடியது. என் மர நிரையில் முக்கால், உங்கள் நிரையில் பாதி என்று நான் ஓடி ஓடிச் சீவினேன்.

மூன்றாம் நாள் தூறல். பட்டை ஈரமாகி உளி வழுக்கியது. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டிய உளி உள்ளே கட்டை வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு மரத்தில் பட்டதும் பயம், பயத்தில் அடுத்த மரத்திலும் பட்டது. உங்கள் நிரையில் பதினான்கு மரத்தில் பட்டுவிட்டது. உங்கள் மரத்தைக் காட்டித்தான் மண்டோர் புது ஆட்களுக்கு வெட்டுச் சொல்லிக்கொடுப்பார். அந்த மரங்களில் இப்போது நான் போட்ட காயங்கள். பள்ளத்தில் இறங்கிக் களிமண்ணை அள்ளி வந்து ஒவ்வொரு காயத்திலும் அப்பி மூடினேன். மண்டோர் கண்ணுக்குத் தப்ப வெயில் காலத்தில் பலரும் செய்கிறதுதான். மழைக்காலத்தில் மண்ணை வைத்தால் அது காயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், உள்ளே பட்டை அழுகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டவுன்காரி என்று சும்மாவா சொன்னார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் சின்னவளை வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். இடுப்பில் அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள்: "மரத்துல காயம் ஏதும் பட்டுச்சா தங்கச்சி? பட்டிருந்தா சொல்லு, நான் மருந்து தடவிக்கிறேன்." கோபமாகக் கூடக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அரை மணி நேர வேலையில் முடிந்திருக்கும்.

"இல்லக்கா, பாத்துத்தான் சீவினேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய துரை மரம் பார்க்க வந்தார். களிமண்ணைத் தட்டிவிட்டால் கறுப்பாக அழுகிய பட்டை. பதினான்கு மரத்திலும் சிவப்புச் சாயம் பூசினார்கள். வேண்டுமென்றே காயத்தை மறைத்தது என்று எழுதி மூன்றாவது சூராட்டைக் கொடுத்தார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் என் கண்முன்னால் பெரட்டில் நடந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்ச அலைச்சல்ல தூக்கமில்லாம நாந்தான் கொத்திருப்பேன். மண்ண வெச்சதுகூட ஞாபகம் இல்ல பாரு" என்று என்னிடமே சொன்னீர்கள். வேலை முடிகிற நாள் வரைக்கும் ஒவ்வொரு மரத்திலும் உளியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துச் சீவினீர்கள். பதினொரு மணிக்கு முடிக்கிற நிரை ஒரு மணி வரைக்கும் இழுத்தது. ஒருநாள் பக்கத்து நிரையிலிருந்து பார்த்தேன். வலது கையை முகத்துக்கு நேரே வைத்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என் கைய நானே நம்ப முடியல தங்கச்சி" என்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் வடித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்திருந்தார். கைக்குழந்தை வேறு. அப்போது எங்கள் வீடும் என் ஒருத்தி உளியில்தான் நின்றது. நான் சொன்னால் நாங்கள் தெருவில், சொல்லாவிட்டால் நீங்கள் தெருவில். அதற்கு மேலே, நான் உண்மையைச் சொன்னால் நீங்கள் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போன விஷயமும் வெளியே வந்துவிடும், ஆகையால் உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். நல்ல பொய் அது, இரண்டு நாள் தூங்கவைத்தது.

நடுவில் ஒரு திருவிருந்து வந்தது. வழக்கம்போல என் முகத்தைப் பார்த்து, "நமக்குள்ள ஏதும் இருக்கா?" என்றீர்கள். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக் குடித்தேன். அந்தச் சாறு தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அடுத்த திருவிருந்து மாதக் கடைசி ஞாயிறு. மறுநாள் நீங்கள் வீட்டைக் கொடுக்க வேண்டும். சாமான்களை எல்லாம் சாக்கில் கட்டி அஞ்சடி ஓரமாக அடுக்கியிருந்தீர்கள். மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்து நாம் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாட்டு எடுக்கச் சொன்னார்கள், எனக்குக் குரல் வரவில்லை. நீங்களே எடுத்தீர்கள், அடுத்த லயம் வரை கேட்கிற அதே குரலில். வீடு போகிற பொம்பளை எப்படி இப்படிப் பாடுகிறாள் என்று நான் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் ஐயா ரொட்டியைப் பிட்டார். கிண்ணத்தைக் கையில் எடுத்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நமக்குள்ள ஏதும் இருக்கா தங்கச்சி?"

"இருக்குக்கா."

கீரைப் பாத்தி, கோழி விஷயம் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

"அந்தக் காயமெல்லாம் நான் போட்டது. மண்ண அப்பினது நானு. நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்."

சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். சுவரோரம் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர், "ஏய் எஸ்தரு!" என்று அதட்டியது கேட்டது. நீங்கள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன மரம்?" என்றீர்கள்.

"பதினாலு."

"எண்ணி வெச்சிருக்கியா?"

"ஆமாக்கா."

"போன மாசம் இதே எடத்துல கேட்டேனே. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுக் குடிச்சியே."

"குடிச்சேன்க்கா."

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் மூக்கு விடைத்து, உதடு இறுகி, கழுத்து நரம்பு எழும்பி நின்றது. பாஸ்டர் ஐயா கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினீர்கள். குடிக்கவில்லை. அப்படியே என் கையில் கொடுத்தீர்கள்.

"நீ குடி. நீ சொல்லிட்ட. இப்ப எனக்குத்தான் இருக்கு."

எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். சாறு என் பாவாடையில் சிந்தியது. குடித்தேன்.

மறுநாள் காலை துரையிடம் உண்மையைச் சொல்ல ஆபீஸ் வாசலில் நான் போய் நின்றபோது நீங்கள் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்காமல் பேசினீர்கள். "நானும் வாரேன். பெரட்டுல பேர் குடுத்துட்டு பஸ் ஏறினது நான்தான."

"அத சொல்லாதீங்கக்கா. அத சொன்னா ஒங்க வேல எப்படியும் போயிரும்."

"நீ உண்மைய சொல்லிட்டுப் போவ, நான் பொய்ய வெச்சிக்கிட்டு வீட்டுல இருக்கணுமா? நல்லா இருக்குலா ஒன் நியாயம்."

ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பார். நாம் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு பேரும் தங்கட தங்கட பிழை எண்டு வந்து நிண்டால், துரைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். அவர் உள்ளே போனார். நீங்கள் வாசல் தூணின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். உள்ளே துரையின் குரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உங்கள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, ஜெபித்தீர்கள் போல. எனக்கு ஜெபம் வரவில்லை. வீட்டில் எத்தனை சாக்கு இருக்கிறது, சாமானை எதில் கட்டுவது என்றுதான் ஓடியது.

கிராணி வெளியே வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. "வீடு இருக்கட்டாம், இரண்டு பேருக்கும். ஆனால் உளியைத் தொடக் கூடாது. நாளைக்கிருந்து மருந்தடிக்கிற கூட்டத்தோட போங்கோ. இனி ஒரு சின்னப் பிழை எண்டாலும் இரண்டு குடும்பமும் வெளியிலதான்." நமக்கு வீட்டை வாங்கிக் கொடுத்தது அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் உங்கள் காலில் விழப் போனேன். நீங்கள் விலகி நடந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நான் முன்னால், நீங்கள் பின்னால், புல்லுக்கு மருந்தடித்துப் போவோம். நாள் முழுக்க ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் ஞாயிறு வந்தால் அதே பாயில், அதே இடத்தில், என் தோளோடு தோள் உரச உட்காருவீர்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு பாடுவோம். திருவிருந்து அன்றைக்கு நான் கேட்பேன், "நமக்குள்ள ஏதும் இருக்கா அக்கா?" நீங்கள், "இருக்கு" என்பீர்கள். கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் என்னிடம் கொடுப்பீர்கள். நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

பாஸ்டர் ஐயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. மனசு பின்னாடியே வரும்" என்றார்.

"வாயால சொல்லிரலாம் ஐயா. ஆனா பொய் சொல்லிக் குடிச்சா என்னா ஆவும்னு இந்தா இவளே சாட்சி" என்றீர்கள்.

"அப்ப எதுக்கும்மா பக்கத்துலேயே உக்கார்றீங்க? தள்ளி உக்காந்தா மனசுக்குக் கொஞ்சம் லேசா இருக்குமே."

"தள்ளி உக்காந்துட்டா அப்புறம் கிட்ட வரவே மாட்டேன் ஐயா. எனக்கு என்னையத் தெரியும்."

மூன்றாவது மாதம் நான் போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்துக்கு அடியில், எனக்கும் கோபம் வந்திருந்தது. எல்லார் முன்னாலும் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், மருந்து நெடியில் நடக்கிறேன், இன்னும் இவளுக்கு என்ன வேண்டும் என்று. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். உங்கள் சின்னவள் வந்து கதவைத் தட்டினாள். "அம்மா சொல்றாங்க, நீங்க வரலன்னா அவங்க யாரு மேல கோவமா உக்காந்திருக்கிறதாம்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என் இடத்தைக் காலியாக வைத்திருந்தீர்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டு மாதம் கழித்து நமக்கு உளியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வாரம் திருவிருந்துக்கு நீங்கள் பிந்தி வந்தீர்கள். காலில் சேறு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். உட்கார்ந்ததும் நான் கேட்பதற்கு முன்னால் நீங்களே பேசினீர்கள்.

"பதினாலு மரத்தையும் பாத்துட்டு வாரேன். பட்டை ஏறிக்கிட்டு வருது. முண்டு முண்டாத்தான் இருக்கு."

"நமக்குள்ள ஏதும் இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கொஞ்சந்தான் இருக்கு. அத ஆண்டவர் பாத்துக்கட்டும்."

குடித்தீர்கள். மூச்சு விடாமல் பாதிக் கிண்ணத்தையும் குடித்துவிட்டீர்கள். பின்னால் இருந்தவர்களுக்குப் போதாமல் பாஸ்டர் ஐயா சாற்றில் தண்ணீர் கலக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு நான் எடுத்த பாட்டு மூன்றாவது லயத்தில் கேட்டதாகச் சொன்னார்கள்.

எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நீங்கள் தாப்பாவில் மகன் வீட்டுக்குப் போனீர்கள், நாங்கள் ஜெலாப்பாங்குக்கு வந்தோம். இங்கே சபை பெரிசு. மின்விசிறி, மைக், முந்நூறு பேர். திருவிருந்துக்கு ஆளுக்கொரு குட்டி கிளாஸ். பக்கத்தில் இருப்பவர் பேர்கூட எனக்குத் தெரியாது, யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி உங்களைப் பார்க்க வருவேன். மரத்தைப் பற்றி நாம் பேசியதில்லை.

சர்க்கரை உங்கள் காலைத் தின்று, பிறகு கண்ணைத் தின்று, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டது. நான் வந்தபோது சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உங்கள் போர்வைமேல் கிடந்தது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தீர்கள். சின்னவளின் கல்யாணப் பேச்சு, மகனின் வேலை என்று கொஞ்ச நேரம் பேசினோம். திடீரென்று என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். கண் தெரியாவிட்டாலும் முகத்தை என் பக்கம் திருப்பினீர்கள்.

"நமக்குள்ள ஏதும் இருக்கா தங்கச்சி?"

உங்களிடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். எனக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள் என நான் நினைக்கவே இல்லை. சாகப்போகிறவளிடம் இதையா சொல்வது என்று தோன்றியது.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"சரிலா" என்று சொல்லி என் கையை விட்டீர்கள். மூன்றாம் நாள் சேதி வந்தது.

இந்த நான்கு மாதமும் இங்கே திருவிருந்தில் அந்தக் குட்டி கிளாஸை எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு அம்மா, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆனால் ஒரு ஞாயிறும் போகாமல் இருக்கவில்லை. கோபத்தோடும் வந்து உட்காரலாம், குற்றத்தோடும் வந்து உட்காரலாம், பொய்யோடு மட்டும் குடிக்கக் கூடாது. என்னிடம் மிச்சம் இருக்கிற விசுவாசம் அவ்வளவுதான், அது நீங்கள் கொடுத்தது.

இருந்ததுக்கா. எனக்கும் இருந்தது. எட்டு மாதம், எட்டு முறை, இருபது பேர் பார்க்க அந்தக் கிண்ணத்தைக் குடிக்காமல் என் கையில் கொடுத்தீர்களே, அதில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். தப்பு என்னுடையது, தண்டனையும் எனக்கு வேண்டியதுதான். தெரிந்தும் உங்கள்மேல் கோபம் வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று பத்து வருஷம் விழுங்கிக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில் பாடினேன். கட்டிலில் நீங்களாகக் கேட்டபோதும் விழுங்கினேன்.

இப்போது சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு திருவிருந்து. குடிக்கலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள்,
எஸ்தர்